பார்சல் வேண்டாம், அங்கேயே சாப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாட்களுக்கு முன் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்குக் கை துறுதுறுவென்று இருக்கிறது. "இரண்டு பிரெட் துண்டுக்கு நடுவே எதையோ வைத்து நீட்டுவதற்கு ஒரு கடை, அதற்கு முன்னால் ஒரு கூட்டம், இதெல்லாம் ஒரு சமையலா?" என்று கேட்டிருந்தார். அதே நாளிதழில் நாலு பக்கம் தள்ளி, உணவுப் பகுதியில், ஒரு சாண்ட்விச்சை இரண்டாகப் பிய்த்து நடுவில் சீஸ் முழ நீளத்துக்கு இழுபடும் படம். அந்த வாசகருக்கும் உங்கள் புகைப்படக்காரருக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதிவிடுகிறேன். இரண்டு பேரும் பிரெட்டைப் பார்க்கவில்லை, அதுதான் என் குறை.

நான் பேக்கரியில் இரவு வேலை பார்த்தவன். மாவு பிசைவது, அச்சில் போடுவது, அடுப்பிலிருந்து எடுத்து ஆறவைத்து அறுப்பது என்று பல வருடம் ஓடியது. வேலையை விட்ட பிறகு பிடித்துக்கொண்ட பழக்கம், வாரத்தில் இரண்டு மூன்று மாலை தெருமுனையில் இருக்கும் ஒரு சின்ன சாண்ட்விச் கடைக்கு நடந்து போய் வருவது. நாலு ஸ்டூல், ஒரு கல், ஒரு பலகை, இரண்டு கத்தி, கடை அவ்வளவுதான். பெயர் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை, இந்த மாதிரிக் கடை எந்த ஊரிலும் இருக்கும். இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், மற்ற உணவகங்களில் சமையலறைக்கும் நமக்கும் நடுவே ஒரு சுவர் நிற்கும், இங்கே அது கிடையாது. தக்காளியை எப்படி அறுக்கிறார், கத்தியை எதில் துடைக்கிறார், வெண்ணெயை ஓரம் வரைக்கும் தடவுகிறாரா அல்லது நடுவில் மட்டும் ஒரு பொட்டு வைத்து ஏமாற்றுகிறாரா, எல்லாம் நம் மூக்குக்கு முன்னால் நடக்கிறது. பார்க்கத் தெரிந்தவனுக்கு அது ஒரு பாடம். ஆனால் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஐந்து நிமிடமும் போனைத்தான் பார்க்கிறார்கள்.

"இதெல்லாம் ஒரு சமையலா" என்ற இளக்காரம் ஒன்றும் புதிதில்லை, இந்தப் பண்டத்தின் பெயரோடு கூடவே பிறந்தது. சாண்ட்விச் என்பது இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் இருக்கும் ஒரு ஊர். அந்த ஊரின் பெயரைப் பட்டமாகக் கொண்ட ஜான் மாண்டேகு என்ற நான்காம் சாண்ட்விச் பிரபு, சூதாட்ட மேசையை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் ரொட்டிக்கு நடுவே இறைச்சியை வைத்துக் கொண்டுவரச் சொன்னார் என்பதுதான் ஊரெல்லாம் சொல்லும் கதை. இந்தக் கதை 1765-இல் லண்டனுக்கு வந்துபோன குரோஸ்லே என்ற பிரெஞ்சுப் பயணி எழுதி வைத்துவிட்டுப் போனது. அந்தப் பிரபுவின் வரலாற்றை எழுதிய என்.ஏ.எம். ராட்ஜர் வேறு மாதிரி சொல்கிறார்: மனிதர் கடற்படை நிர்வாகத்தைத் தலையில் சுமந்தவர், சீட்டாடிக்கொண்டே சாப்பிட்டார் என்பதைவிட வேலை மேசையில் உட்கார்ந்தபடி சாப்பிட்டிருப்பார் என்பதுதான் பொருத்தம் என்று. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. எழுந்து போக நேரமில்லாமல் வேலை செய்கிறவனுக்கான சாப்பாடு இது. குரோஸ்லே வருவதற்கு முன்பே, 1762 நவம்பரில், எட்வர்ட் கிப்பன் என்ற ஆங்கில வரலாற்றாசிரியர் தன் நாட்குறிப்பில் பெரிய மனிதர்கள் சின்ன மேசைகளில் உட்கார்ந்து "சாண்ட்விச்" தின்றுகொண்டிருந்ததைக் குறித்திருக்கிறார், ஆக அதற்குள் பெயர் ஊன்றிவிட்டது. இதே பிரபுவின் பெயரைத்தான் 1778-இல் கேப்டன் குக் ஹவாய்த் தீவுகளுக்கும் வைத்தார். தீவுகளுக்கு அந்தப் பெயர் நிலைக்கவில்லை, பிரெட்டுக்கு நிலைத்துவிட்டது!

சாண்ட்விச் என்றால் எது என்பதிலேயே நீதிமன்றங்கள் குழம்பியிருக்கின்றன, அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2006-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு வாடகை ஒப்பந்தத் தகராறில், மெலிதான ரொட்டியில் சுருட்டித் தரும் புரிட்டோ சாண்ட்விச் ஆகாது என்று ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். 2024-இல் இண்டியானா மாநிலத்தில் இன்னொரு நீதிபதி, அதுவும் சாண்ட்விச்தான் என்றார். அயர்லாந்தின் உச்ச நீதிமன்றம் 2020-இல் செய்தது இன்னும் வேடிக்கை. மாவின் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை இருந்தால் வரிச் சலுகைக்கு அதை ரொட்டி என்றே கணக்கில் எடுக்க முடியாது என்பது அந்த ஊர்ச் சட்டம். வழக்கில் வந்த சாண்ட்விச் நிறுவனத்தின் ரொட்டியில் இருந்ததோ 10 சதவீதம். நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. பேக்கரிக்காரன் என்ற முறையில் அந்த நீதிபதிகளுக்கு என் ஓட்டு. நீங்கள் வாங்கும் சாண்ட்விச்சில் காரத்தையும் உப்பையும் தாண்டி ஒரு இனிப்பு நாக்கில் நின்றால், உள்ளே வைத்த எதையும் குறை சொல்லாதீர்கள், பிரெட்டைச் சந்தேகப்படுங்கள்.

சரி, பிரெட்டுக்கு வருகிறேன். கடையில் நிற்கும்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி, "சூடா இப்பதான் வந்த பிரெட்டா?" என்பது. சூடாக அடுப்பிலிருந்து வந்த பிரெட்டில் சாண்ட்விச் செய்யவே முடியாது. உள்ளே இருக்கும் மாவுச்சத்து இன்னும் இறுகியிருக்காது, கத்தியை வைத்தால் பசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும், ஸ்லைஸ் நசுங்கிப் போகும். கைச்சூட்டுக்கு இறங்கும் வரை காத்திருந்துதான் அறுக்க வேண்டும். பேக்கரியில் ராத்திரி எங்களுக்கு இருந்த பெரிய சண்டையே வண்டிக்காரருக்கும் இந்த ஆறும் நேரத்துக்கும் நடந்த சண்டைதான். அறுத்த பிரெட் என்பதே ஒரு காலத்தில் பேக்கரிக்காரர்கள் நம்ப மறுத்த விஷயம். அமெரிக்காவில் ஓட்டோ ரோவெடர் என்பவர் முழு ரொட்டியை ஒரே அடியாக ஸ்லைஸ் போடும் எந்திரம் செய்யப் பல வருடம் போராடினார். 1917-இல் ஒரு தீவிபத்தில் அவருடைய மாதிரி எந்திரமும் வரைபடங்களும் எரிந்துபோயின, மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கினார். அறுத்தால் சீக்கிரம் காய்ந்துவிடுமே என்று பேக்கரிக்காரர்கள் தலையாட்ட, ஸ்லைஸ்களைத் தொப்பி ஊசியால் குத்திப் பிடித்து வைத்தெல்லாம் பார்த்தவர், கடைசியில் அறுத்த கையோடு காகிதத்தில் இறுக்கச் சுற்றும் வழிக்கு வந்து சேர்ந்தார். 1928 ஜூலை 7-ஆம் தேதி மிசௌரி மாநிலத்தில் சில்லிகாத்தி என்ற ஊரில் அந்த பிரெட் விற்பனைக்கு வந்தது. பதினைந்து வருடத்துக்குள் மக்கள் அதற்கு எப்படிப் பழகிவிட்டார்கள் பாருங்கள்: போர்க்காலச் சிக்கனம் என்று 1943 ஜனவரி 18 முதல் அமெரிக்க அரசு அறுத்த பிரெட்டுக்குத் தடை போட்டது, எழுந்த கூச்சலில் மார்ச் 8-ஆம் தேதியே தடையைத் தூக்க வேண்டியதாகிவிட்டது. இரண்டு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

நான் போகும் கடையில் அந்தத் தம்பி பாக்கெட்டைப் பிரித்ததும் முதல் காரியமாக ஒரு ஸ்லைஸை இரண்டு விரலால் மெல்ல மடக்கிப் பார்ப்பார். மடங்கினால் அது சுடாத சாண்ட்விச்சுக்கு. வெடித்தால் கல்லுக்கு. யாரும் கவனிப்பதில்லை, அவரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. ஒரு நாள் நான் கேட்டேன், "தம்பி, இதை எங்கே கத்துக்கிட்டீங்க?" என்று. "யாரும் சொல்லித் தரலை சார், ரெண்டு மூணு பேர் திட்டினாங்க, அப்புறம் தானா வந்துடுச்சு" என்றார்.

அவர் மடக்கிப் பார்ப்பதற்குப் பின்னால் இருக்கும் விஷயம் இதுதான். பிரெட் பழசாவது என்றால் தண்ணீர் வற்றிக் காய்வது என்று எல்லோரும் நினைக்கிறோம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பூசிங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர், தண்ணீர் வெளியே போகாமல் மூடி வைத்தாலும் ரொட்டி விறைத்துப்போகிறது என்று காட்டிவிட்டார். அடுப்புச் சூட்டில் இளகிய மாவுச்சத்து ஆற ஆற மறுபடி வரிசைகட்டி இறுகுகிறது, விறைப்பு அதனால்தான் வருகிறது. இந்த இறுக்கம் எந்தக் குளிரில் மிக வேகமாக நடக்கும் என்று பார்த்தால், சரியாக நம் ஃபிரிட்ஜின் குளிரில்! அறை வெப்பத்தில் இருப்பதைவிட ஃபிரிட்ஜில் பிரெட் சீக்கிரம் விறைக்கும். உறைநிலைக்குக் கீழே ஃபிரீசரில் வைத்தால் கிட்டத்தட்ட நின்றுவிடும். ஆகவே பிரெட்டை ஃபிரிட்ஜ் நடுத்தட்டிலிருந்து எடுத்து அப்படியே சுடாமல் சாண்ட்விச் போடுகிற கடையைப் பார்த்தால் நான் இன்னொரு கடை தேடுவேன். ஆனால் சூடு பட்டால் அந்த இறுக்கம் பெரும்பாலும் திரும்ப இளகிக்கொடுக்கும். நேற்றைய பிரெட்டைக் கல்லில் போட்டால் பிழைத்துக்கொள்வது அதனால்தான், அதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. சொல்லப்போனால் டோஸ்ட்டுக்கு நேற்றைய பிரெட்தான் நல்லது.

இனி தண்ணீர். சாண்ட்விச் கடைக்காரருக்கு இருக்கிற ஒரே பகை தண்ணீர்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலைந்து பங்கு தண்ணீர், வெள்ளரியில் அதைவிடக் கொஞ்சம் கூட. அறுத்த இடத்தில் உப்பைத் தூவிவிட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே ஊறி வந்துவிடும். அவசரக்காரக் கடைகளில் என்ன செய்கிறார்கள்? காலையிலேயே தக்காளியையும் வெள்ளரியையும் வட்ட வட்டமாக அறுத்து, உப்பு மிளகு தூவி, ஒரு டப்பாவில் அடுக்கி வைத்துவிடுகிறார்கள். மாலையில் அந்த டப்பாவின் அடியில் ஒரு குளம் நிற்கும். அதிலிருந்து எடுத்து நேராக பிரெட்டில் வைத்தால் நீங்கள் வாயில் வைப்பதற்குள் அடிப்பக்க ஸ்லைஸ் களியாகிவிடும். தெரிந்தவர் கேட்ட பிறகுதான் அறுப்பார், உப்பைக் கடைசியில் தூவுவார். முன்கூட்டி உப்புப் போட்டே தீர வேண்டும் என்றால் வடிய விட்டு, துணியிலோ காகிதத்திலோ ஒற்றி எடுத்து வைப்பார். தக்காளியின் கொழகொழ விதைப்பகுதியை விரலால் வழித்துத் தள்ளிவிடுகிறவரைப் பார்த்தால் அவர் கடையை விடாதீர்கள்.

வெண்ணெயைப் பற்றி ஒரு தப்பெண்ணம் இருக்கிறது, அது ருசிக்கு என்று. ருசிக்கும்தான், மறுக்கவில்லை. ஆனால் சாண்ட்விச்சில் அதன் முதல் வேலை காவல். வெண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்கு கொழுப்பு, அது தண்ணீரை உள்ளே விடாது. பிரெட்டின் உள்பக்கம் ஓரம் வரைக்கும் ஒரு இடம் விடாமல் மெல்லிசாகத் தடவினால், வெள்ளை பூசிய சுவர் மழையைத் தாங்குவது மாதிரி அது தக்காளித் தண்ணீரைத் தாங்கும். நடுவில் மட்டும் தடவினால் ஓரத்திலிருந்து ஊற ஆரம்பிக்கும், முதல் கடியிலேயே தெரிந்துவிடும். "எனக்கு பட்டர் வேண்டாம், டயட்" என்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது அவரவர் விருப்பம், ஆனால் அவர்கள் உடனே சாப்பிட்டுவிட வேண்டும், ஆற அமர உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் கையிலேயே கிழிந்துவிடும். சீஸ் ஸ்லைஸையோ கீரை இலையையோ பிரெட்டுக்குப் பக்கத்தில் வைத்து, ஈரமானதை நடுவில் வைப்பதும் இதே காரணத்துக்குத்தான். என்னென்ன வைக்கிறார் என்பதைவிட எதற்கு மேல் எதை வைக்கிறார் என்று பாருங்கள், ஆளின் கைப்பக்குவம் அதில்தான் இருக்கிறது.

கல்லில் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொன்னிறமாகி வரும் அந்த வாசனைக்குக் காரணம் மாவில் இருக்கும் புரதக் கூறுகளும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நடத்தும் வேலை, 1912-இல் அதைக் கண்டு எழுதிய மேயார் என்ற பிரெஞ்சுக்காரர் பெயரால் அதைக் குறிப்பிடுகிறார்கள். ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல்தான் அது சுறுசுறுப்பாக நடக்கும், பிரெட்டின் மேல்பரப்பு ஈரமாக இருக்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதனால்தான் கல் காய்வதற்குள் போட்டால் பிரெட் சிவக்காமல் வெளுத்துப்போய் எண்ணெய் குடித்து வரும். தீயைக் கூட்டி வைத்தால் வெளியே கருகி உள்ளே சீஸ் கட்டியாக நிற்கும். நடுத்தர தீயில் மேலே ஒரு கனத்தை வைத்து அழுத்திப் பொறுமையாகக் காத்திருப்பவர்தான் வேலை தெரிந்தவர். உங்கள் படத்தில் முழ நீளம் இழுபட்ட சீஸ் வேறு ஒரு கதை. இப்போது ஸ்லைஸ் ஸ்லைஸாக வரும் பதப்படுத்திய சீஸ் வகை 1911-இல் சுவிட்சர்லாந்தில் உருவானது. அதில் சேர்க்கும் உப்புகள் கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைப்பதால் சீராக உருகும், எண்ணெய் கக்காது, ஆனால் அந்த அளவுக்கு இழுபடாது. இழுபடுவது மொசரெல்லா மாதிரி ஜவ்வுச் சீஸ். அதை அளவுக்கு மீறிப் போட்டால் படம் நன்றாக வரும், கடித்தால் மொத்தச் சீஸும் ஒரே இழுப்பில் வெளியே வந்து தாடையில் சூடு போடும்.

குறுக்கே மூலைக்கு மூலை வெட்டித் தருவதைச் சிலர் வெறும் அலங்காரம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், சதுர பிரெட்டை நேராக வெட்டினால் கிடைக்கும் வெட்டு விளிம்பைவிட மூலைவாக்கில் வெட்டினால் ஏறக்குறைய 41 சதவீதம் நீளம் கூட. ஓரப்பட்டை இல்லாத, உள்ளே வைத்தது தெரிகிற, முதலில் வாய் போகிற இடம் அதுதானே. பல் வைத்த கத்தியால் அழுத்தாமல் அறுத்து எடுக்க வேண்டும், நசுக்கினால் அவ்வளவு நேரம் பார்த்த வேலையும் தட்டில் வழிந்துவிடும்.

சுத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் உங்கள் வாசகர்கள் விடமாட்டார்கள். கையுறை போட்டிருக்கிறாரா என்பதையே எல்லோரும் பார்க்கிறார்கள். கையுறை போட்ட கையாலேயே காசை வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு அதே கையால் பிரெட்டை எடுத்தால் அந்தக் கையுறையால் யாருக்கு என்ன லாபம்? சோப்புப் போட்டு அடிக்கடி கழுவும் வெறும் கை அதைவிட எவ்வளவோ மேல். நம் மூக்கிலும் தோலிலும் குடியிருக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற கிருமி சாப்பாட்டில் பெருகினால் அது விடும் நஞ்சு சூடு பண்ணினாலும் போகாது, "கல்லில் போட்டுத்தானே தருகிறார்" என்ற சமாதானம் அதனிடம் எடுபடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே இருக்கும் உணவில்தான் இவை வேகமாகப் பெருகும். அவித்த முட்டை, கோழி, சீஸ் மாதிரியானவை அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்திருந்தால் கைவைக்கக் கூடாது, கொளுத்தும் வெயில் நாளில் ஒரு மணி நேரம்தான். பழி எப்போதும் மயோனைஸ் மேல் விழும். பாட்டிலில் வருகிற மயோனைஸில் இருக்கும் புளிப்பு கிருமியை லேசில் வளரவிடாது, அதோடு பிசைந்து வெளியே வைத்திருக்கும் முட்டையும் கோழியும்தான் காரணமாக இருக்கும். ஆகவே கவுண்டருக்குப் பின்னால் கை கழுவக் குழாயும் சோப்பும் இருக்கிறதா, கலந்து வைத்த டப்பாவைக் குளிரிலிருந்து எடுக்கிறாரா அல்லது கல்லுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாரா, இந்த இரண்டை மட்டும் பாருங்கள், போதும்.

ஒவ்வாமை உள்ளவர்கள் கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும். கோதுமை, பால், முட்டை, வேர்க்கடலை, எள், கடுகு என்று வம்பு பிடித்த பொருள்களில் பாதி ஒரே பலகையில் நடமாடும் இடம் இது. 2016-இல் பிரிட்டனைச் சேர்ந்த 15 வயதுச் சிறுமி ஒருத்தி, ரொட்டி மாவில் கலந்திருந்த எள் உறையில் குறிப்பிடப்படாததால் அதைச் சாப்பிட்டு இறந்துபோனாள். அதற்குப் பிறகுதான் 2021 அக்டோபரிலிருந்து, கடையிலேயே செய்து முன்கூட்டிக் கட்டி வைத்து விற்கும் எதிலும் முழுப் பொருள் பட்டியல் ஒட்ட வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. கண் முன்னால் செய்து தருகிற கடையில் நாம் "பிரெட்டில் எள் இருக்கா? அந்தக் கத்தியைக் கழுவிட்டு அறுக்க முடியுமா?" என்று கேட்கலாம். கேட்டதற்கு முகம் சுளிக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

பார்சல் விஷயத்துக்கு வருகிறேன், இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். கொஞ்ச நாள் முன்பு ஒரு பயணத்தில் வேறொரு கடையில் டோஸ்ட் சாண்ட்விச் கேட்டேன். கண்ணாடிப் பெட்டியில் அலுமினியத் தாளில் சுற்றி அடுக்கி வைத்திருந்ததில் ஒன்றை எடுத்து நீட்டினார்கள். "புதுசாப் போட்டுத் தாங்களேன்" என்றதற்கு, "இதுவும் இப்பதான் சார் போட்டது" என்றார்கள். இப்போது போட்டதாகவே இருக்கட்டும். சூடான டோஸ்ட்டை அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றினால் உள்ளே இருக்கும் ஆவி எங்கே போகும்? தாளில் பட்டுத் தண்ணீராகி, பாடுபட்டு மொறுமொறுப்பாக்கிய மேல்பக்கத்திலேயே இறங்கும். பத்து நிமிடத்தில் டோஸ்ட் நனைந்த அட்டை. அன்றைக்கு நான் தின்றது அதைத்தான். காசு கொடுத்துவிட்டோமே என்று முழுசாகவும் தின்றேன், அது என் புத்தி.

ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தக் கடைக்காரரை அப்படிச் செய்ய வைத்ததே நாம்தான். போனில் சொல்லிவிட்டு "ரெடியா வச்சிருங்க" என்கிறோம், கால் மணி நேரம் கழித்துப் போய் எடுக்கிறோம், வண்டியில் இருபது நிமிடம் பிடித்து வீட்டுக்குப் போய், கை கால் கழுவி, டிவியைப் போட்டு, பிறகு பிரிக்கிறோம். பிரித்ததும் "அந்தக் கடை முன்ன மாதிரி இல்ல" என்கிறோம். இன்னும் சிலர் வீட்டில் பிரித்தால் காய்ந்திருக்குமோ என்று முன்கூட்டியே "சாஸ் நிறைய விடுங்க" என்று சொல்லி, அவர் கட்டிய காவல் சுவரை அங்கேயே இடித்துவிடுகிறார்கள். நான் போகும் கடையில் ஒருவர் மூன்று விதமான சாஸ் கேட்டு, மூன்றையும் பிரெட்டின் மேலேயே ஊற்றச் சொன்னார். தம்பி ஒன்றும் சொல்லாமல் ஊற்றினார். அவர் முகத்தை நான் பார்த்தேன்.

வேறு வழியில்லை, பார்சல்தான் என்றால் ஒன்றிரண்டு வழி இருக்கிறது. அலுமினியத் தாள் வேண்டாம், வெறும் காகிதத்தில் ஒரு பக்கம் திறந்தபடி கட்டித் தரச் சொல்லுங்கள், ஆவி போக இடம் கிடைக்கும். கல்லிலிருந்து எடுத்ததும் கட்டாமல் ஒரு நிமிடம் கம்பி வலையில் ஆற விடச் சொல்லுங்கள். சாஸைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், தக்காளியைக்கூடத் தனியாகக் கேட்கலாம், விநோதமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. தூரம் அதிகம் என்றால் டோஸ்ட்டே வேண்டாம், சுடாததை வாங்கிப் போவது உத்தமம், வெண்ணெய் ஒழுங்காகத் தடவியிருந்தால் அது ஒரு மணி நேரம் தாங்கும். அதற்கும் மேல் தூரம் என்றால் பிரெட் பாக்கெட்டை வாங்கிப் போய் வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள்.

சமையலா என்று கேட்ட வாசகரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு மாலை, போனைப் பையில் போட்டுவிட்டு, ஏதாவது ஒரு கடைக் கவுண்டர் முன்னால் நின்று, ஒரே ஒரு சாண்ட்விச் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. பார்த்துவிட்டு அங்கேயே நின்று தின்றுவிட்டு, அப்புறமும் அது சமையல் இல்லை என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஆசிரியருக்கு: உங்கள் உணவுப் பகுதியில் இந்தச் சின்னக் கடைகளைப் பற்றி எழுதுவது நல்ல விஷயம், நிறுத்த வேண்டாம். ஆனால் அடுத்த தடவை எழுதும்போது பிரெட் எங்கிருந்து வருகிறது, எத்தனை நாள் பழசு, எதில் வைத்திருக்கிறார்கள், கை கழுவ இடம் இருக்கிறதா என்று நாலு வரி சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் புகைப்படக்காரரிடமும் ஒரு வார்த்தை. அந்தப் படத்துக்காக அவர் வெளிச்சம் பார்த்து, தட்டைத் திருப்பி, பிய்த்து, மறுபடி பிய்த்து எப்படியும் கால் மணி நேரம் எடுத்திருப்பார். அதற்குள் அது ஆறிப்போயிருக்கும். முதல் சாண்ட்விச்சைச் சாப்பிட்டுவிடச் சொல்லுங்கள், படம் எடுக்க இரண்டாவது ஒன்று வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு பழைய பேக்கரிக்காரன்